வில்லுக்காரனுக்கு அவள் என்ன முறை?

காலையில் திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகிற லோக்கலில், எங்கள் பெட்டியில் மூன்று கூட்டங்கள் உண்டு. சீட்டாடுகிற கூட்டம், சாமி பாட்டுப் பாடுகிற கூட்டம், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற கூட்டம். நாங்கள் நான்கு பேர் எதிலும் சேர்த்தி இல்லை. நாங்கள் ஒரு வீடியோ கேமுக்காகச் சண்டை போடுகிறவர்கள். முப்பதை நெருங்கிவிட்ட, வேலைக்குப் போகிற, வருமான வரி கட்டுகிற நான்கு பேர், இல்லாத ராஜ்ஜியத்தில் இல்லாத ஒருவன் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று கடம்பத்தூர் வரைக்கும் கத்துவதைப் பார்த்து, பாட்டுக் கூட்டத்துப் பெரியவர் ஒருவர் தாளத்தை நிறுத்திவிட்டு, "படிச்ச புள்ளைங்கதான், இன்னா பண்றது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் வருத்தப்படுவார்.

நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இன்னொருவர் நகரியிலிருந்து வந்து திருத்தணியில் குடியேறியவர். வீட்டில் தெலுங்கு, ரயிலில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் ஒன்றாக. ஆவடியில் தொழிற்சாலை வேலை. இன்னொருவர் அரக்கோணத்தில் ஏறுகிற ஏசி மெக்கானிக். அவர் குடும்பமே லாரிப் பட்டறைக் குடும்பம். தான் மட்டும் குளுகுளு பக்கம் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். நான்காவது ஆள் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து பெரம்பூரில் இறங்குகிறவன். அவனைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தேன். இது மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

கேமின் பெயர் வேண்டாம். விளம்பரம் செய்வதற்கு யாரும் எனக்குக் கமிஷன் தரவில்லை. கதையை மட்டும் சொல்கிறேன். முதல் பாகத்தில், பனிப்புயலில் சிக்கிக்கொண்ட இரண்டு ஆண்கள் ஒரு குகையில் ஒதுங்குகிறார்கள். ஒருவன் கோட்டைக் காவல்காரன், மற்றவன் படகோட்டி. உள்ளங்கையைக் கத்தியால் கீறி, கையோடு கை சேர்த்து, இன்றிலிருந்து நாம் அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்கிறார்கள். காவல்காரனுக்கு ஒரு மகன், அவன்தான் நம் வில்லுக்காரன். படகோட்டிக்கு ஒரு மகள், அவளைப் படகுக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தில் இரண்டு பேரும் வேறு வேறு தேசத்தில் வளர்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் சந்திக்கிறார்கள், சேர்ந்து நான்கைந்து பூதங்களைக் கொல்கிறார்கள், காதல் வருகிறது. நாம் சரியான பொத்தானை அழுத்தினால் முத்தம்கூட உண்டு.

வெளிநாட்டு ரசிகர்கள் வேறு எதையோ பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இரண்டாம் பாகத்தில் செத்துப்போன மருத்துவச்சி மூன்றாம் பாகத்தில் எப்படி வந்து கஷாயம் காய்ச்சுகிறாள் என்பது அவர்கள் கவலை. செத்தவர்கள் திரும்பி வருவதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. எங்கள் பெட்டியில் வேறு பிரச்சினை கிளம்பியது. கிளப்பியவர் நகரிக்காரர்.

"ஒரு நிமிஷம் இருங்க. ரெண்டு நைனாவும் அண்ணன் தம்பி ஆயிட்டாங்க இல்ல? அப்போ இந்தப் பொண்ணு அவனுக்கு இன்னா ஆவணும்? சித்தப்பா பொண்ணு. தங்கச்சி. தங்கச்சியைப் போயி எப்படிங்க கட்டுவான்?"

வண்டி திருவாலங்காட்டில் நின்றிருந்தது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோடிக்கணக்கில் செலவழித்து, ஊர் ஊராக ஆட்களை வைத்துக் கதை எழுதியிருக்கிறார்கள். முறை பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அரக்கோணத்துக்காரர் அன்றைக்கே இதை ஆங்கிலத்தில் எழுதி ரசிகர்கள் பேசுகிற தளத்தில் போட்டார். நார்வேயிலிருந்து ஒருவர், "இருவருக்கும் ரத்த உறவு இல்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், இது எந்த மதத்தின் நம்பிக்கை என்று மரியாதையாக விசாரித்திருந்தார். எங்கிருந்தோ ஒரு தெலுங்குக்காரர் மட்டும், கரெக்ட் பாயிண்ட் என்று போட்டிருந்தார். நகரிக்காரர் அதைப் பெட்டி முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இதில் எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிடுகிறேன். எதிர் சீட்டுக்காரனின் அப்பாவும் என் அப்பாவும் அரக்கோணம் ரோட்டில் சேர்ந்து பெயிண்ட் கடை வைத்திருப்பவர்கள். வாலிபத்தில் ஒரே கடையில் வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கி, ஒரு ஆடிக் கிருத்திகைக்கு ஒன்றாக மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, இனிமேல் நாம் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டார்கள். கையைக் கீறிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனால் பிறந்ததிலிருந்து அவன் அப்பா எனக்குப் பெரியப்பா, என் அப்பா அவனுக்குச் சித்தப்பா. அவனை நானும் அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும்போது அதை நிறுத்திவிட்டேன். வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. "இந்தா", "ஏய்", "உன்னைத்தான்". இப்படியே இத்தனை வருடம் ஓட்டியாயிற்று.

அவனுக்கு வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சோளிங்கரிலிருந்து ஒரு ஜாதகம் வந்து சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. வீட்டில் பேசு என்று நான் சொல்லும்போதெல்லாம், நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்பான். இவன் பார்க்கிற நேரத்துக்குப் பஞ்சாங்கமே இன்னும் அச்சாகவில்லை.

அப்படிப்பட்டவன் ரயிலில் எந்தக் கட்சி தெரியுமா? நகரிக்காரர் கட்சி. வில்லுக்காரன் படகுக்காரியைக் கட்டக் கூடாது என்கிற கட்சி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவான்.

"சத்தியம்னா சத்தியம்தான். முதல் பாகத்துல சொன்னதை மூணாவது பாகத்துல மறந்துட்டா அது கதையே இல்ல."

"சத்தியம் பண்ணது அப்பனுங்க. புள்ளைங்களைக் கேட்டா பண்ணாங்க?" என்றேன் நான்.

"புள்ளைங்களைக் கேட்டுத்தான் முறை வெக்கிறாங்களா?"

"அவ ஒரு தடவையாவது அவனை அண்ணான்னு கூப்பிட்டிருக்காளா? மூணு பாகத்துலயும் தேடிப் பாரு."

நகரிக்காரர் இடையில் புகுந்தார். "முருகனே ரெண்டு கட்டினாரு. நாம ஒருத்திக்கே பஞ்சாயத்து வெச்சிகினு இருக்கோம்."

"ரெண்டும் மாமன் பொண்ணுங்க," என்றான் அவன். "முருகனோட அம்மா பார்வதி, பெருமாளுக்குத் தங்கச்சி. வள்ளி, தெய்வானை ரெண்டு பேரும் பெருமாள் பொண்ணுங்க. சாமியே முறை பார்த்துதான் கட்டியிருக்காரு."

பாட்டுக் கூட்டம் இதைக் கேட்டு, அரோகரா என்று ஒரு குரல் கொடுத்தது. மலை மேல் இருக்கிறவரையே சாட்சிக்குக் கூப்பிட்ட பிறகு நான் எங்கே போய் வாதாடுவது? எனக்குக் கைகொடுத்தது அரக்கோணத்துக்காரர்தான்.

"எங்க பாய் வூடுங்கள்ல சித்தப்பா பொண்ணையே கட்டலாம். எங்க அம்மாவும் அப்பாவும் அப்படித்தான். நல்லாத்தான் கீறாங்க. பிரியாணிக்கு உப்பு போடறதுல மட்டும் சண்டை வரும்."

"உங்க கணக்கு வேறங்க," என்றார் நகரிக்காரர்.

"கேம் எடுத்தவன் கணக்கும் வேறதானங்க. அவன் இன்னா நம்ம தாலூகாவா?"

எவ்வளவு நியாயமான கேள்வி. ஆனால் நியாயம் யாருக்கு வேண்டும்? அன்றைக்கு ஆவடி வரைக்கும் நான் எதிர் சீட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. என் கல்யாணத்துக்கு எதிராக என் மாப்பிள்ளையே வக்கீல் வைக்காமல் வாதாடுகிறான், நான் அவனுக்குச் சுண்டல் பொட்டலத்தில் பாதியும் கொடுக்க வேண்டுமாம்.

சாயங்காலம் திருத்தணியில் இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே பிடித்துக்கொண்டேன். "உனக்கு அந்த சோளிங்கர் பொண்ணைக் கட்டணும்னா நேரா சொல்லு. வில்லுக்காரனை ஏன் நடுவுல இழுக்கற?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கப்பா இன்னா இன்னா கேப்பாரோ அதெல்லாம் கேட்டுகினு இருந்தேன். நீ இன்னா பதில் சொல்றேன்னு பார்த்தேன். நீ சொன்னதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்."

"வெச்சிகினு?"

"அவர் முன்னாடி போனா எல்லாம் மறந்துடுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த ஆளைத்தான் நான் விரும்பினேன். கேமில் பூதத்துக்கு முன்னால் பயமே இல்லாமல் போய் நிற்கிறவன். அவன் அப்பா செருமினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான் போலிருந்தது. சரி, இவனை நம்பினால் ஆகாது, நானே ஆழம் பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது என் அப்பாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். கேம் என்று சொல்லவில்லை. போனில் ஒரு தொடர் பார்க்கிறேன், இரண்டு சிநேகிதர்கள் இப்படிச் சத்தியம் செய்தார்கள், பிள்ளைகள் இப்படி ஆகிவிட்டார்கள், கட்டலாமா கூடாதா என்று கேட்டேன். அப்பா அரிசி உப்புமாவை விழுங்கிவிட்டு யோசிக்கக்கூட இல்லை.

"கையைக் கீறிக்கினா அண்ணன் தம்பியா? நான்கூடத்தான் ரத்த தானம் பண்ணேன். அப்போ ஆஸ்பத்திரியில எத்தினி பேருக்கு நான் அண்ணன்? அதெல்லாம் சும்மா. கட்டிக்கட்டும்."

எனக்கு இன்னும் ஒரு கரண்டி உப்புமா இறங்கியது. நான் செய்த தப்புக் கணக்கு, அப்பாவின் வாயைக் கணக்கில் சேர்க்காததுதான். அவருக்கு ஒரு கதை கிடைத்தால் அது கடைக்குப் போகாமல் இருக்காது.

மறுநாள் கடையில் நடந்ததை அப்பாவே வந்து சொன்னார். பெயிண்ட் வாங்க வந்தவர்கள், பிரஷ் மாற்ற வந்தவர்கள் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டிருக்கிறார். கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெயிண்டர் ஒருவர், சத்தியம் என்பது பிரைமர் மாதிரி, அதன் மேல் எந்தக் கலரும் அடிக்கலாம் என்று கருத்துச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அப்பா அவரிடமும் திரும்பி, "நீ இன்னாணா சொல்ற? கையைக் கீறினதெல்லாம் சும்மாதான?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா கலர் கலக்குகிற மெஷினை நிறுத்திவிட்டு, "சும்மாவா?" என்று ஒரு வார்த்தை கேட்டாராம். அதோடு சரி. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் வழியாகப் பேச்சுவார்த்தை நடந்தது. "ஏங்க, அந்த வார்னிஷ் டின்னு அவர்கிட்ட இருக்குது, எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க." வார்னிஷ் வாங்க வந்த மனிதர் இரண்டு பக்கமும் பார்த்து முழிப்பார். சோறு மட்டும் ஒன்றாகச் சாப்பிட்டார்களாம், ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு.

"எங்கப்பா வீட்டுல சரியா சாப்பிடறதே இல்ல," என்றான் அவன் ரயிலில், என் காதோரமாக. "வில்லுக்காரன் மேல அவ்ளோ கோவம்."

கல்யாணம் நடக்காதது இருக்கட்டும், இருக்கிற கடையையும் மூடவைத்துவிடுவேன் போலிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். அப்பா பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குச் சரக்குக் கொடுக்க மொபெட்டில் போயிருந்தார். பெரியப்பா தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. அந்தக் கதையை நீதான உங்கப்பன்கிட்ட சொன்னே?"

"ஆங்."

"தொடரு இல்ல. கேமு. நம்ம பையனும் வீட்டுல அதைத்தான் ஆடிகினு இருக்கான். நானும் பின்னாடி நின்னு பார்ப்பேன். குகையில ரெண்டு பேரும் கையைக் கீறிக்குவாங்களே, அந்த இடம் நல்லா எடுத்திருக்கான்."

இவரும் ரசிகராம்.

"உங்கப்பன் மாதிரி நான் வெகுளி இல்ல," என்றார். "நீ அவனை அண்ணான்னு கூப்பிடறதை நிறுத்தினப்பவே எனக்குத் தெரியும். உங்க பெரியம்மாகிட்டகூட சொல்லல. அதுபாட்டுக்குப் போயிடும்னு இருந்தேன். போவல."

ரயிலில் சேர்த்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. "ரத்த சம்பந்தம் இல்லையே பெரியப்பா" என்று தொடங்கினேன்.

"அது எனக்குத் தெரியாதா? எங்க சாதியும் உங்க சாதியும் ஒண்ணுதான், கோத்திரமும் இடிக்கல. ஜாதகமும்கூட பார்த்துட்டேன், பொருந்துது." அவர் ஒரு பிரஷ்ஷை எடுத்து அதன் மயிரை நீவிக்கொண்டே இருந்தார். "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லம்மா. இந்த ஊருல என்னை ஐயான்னு கூப்பிடுவாங்க, முதலாளின்னு கூப்பிடுவாங்க. அண்ணான்னு கூப்பிட உங்கப்பன் ஒருத்தன்தான். நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சின்னா, அவன் என்னை வாங்க சம்பந்தின்னு கூப்பிடணும். சம்பந்தின்னா இன்னா? நாற்காலி போட்டு, காபி குடுத்து, பார்த்துப் பார்த்துப் பேசற ஆளு. உங்கப்பன் என் டிபன் பாக்ஸைத் தொறந்து என் பொரியலை எடுத்துத் துன்னுவான். சம்பந்தி துன்னுவானா?"

பிரஷ்ஷைத் திருப்பி மறுபக்கத்தை நீவத் தொடங்கினார்.

"அதையும் பொறுத்துக்கலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு அத்தினி பேரு எதிர்ல, அதெல்லாம் சும்மான்னுட்டான்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையை டிபன் பாக்ஸில் போட்டு மூடி வைத்திருந்த மனிதர். ஆனால் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, என் அப்பா மேல்தான் கோபம் வந்தது. இத்தனை மாதம் ரயிலில் முதல் பாகம், மூன்றாம் பாகம் என்று கிழித்தோமே, அந்த இரண்டு கிழவர்களுக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருத்தர் கேட்டோமா? மகனும் மகளும் கட்டிக்கொண்ட பிறகு, காவல்காரனும் படகோட்டியும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

"எங்கப்பா உங்களை இப்போ மாதிரியேதான் கூப்பிடுவாரு," என்றேன்.

"அப்போ முறை?"

"முறை இடிக்கும். இடிக்கட்டும்."

"பொண்ணைக் குடுத்தவன் அண்ணான்னு கூப்பிடறான், பொண்ணை எடுத்தவன் தம்பின்னு கூப்பிடறான். ஊருல கேப்பாங்கம்மா."

"கேட்டா, ஆமாங்க, தப்புதான்னு ஒத்துக்கலாம்."

அவர் பிரஷ்ஷை இருந்த இடத்தில் மாட்டினார். அந்த நேரம் பார்த்து வாசலில் மொபெட் வந்து நின்றது. பொதட்டூர்பேட்டைக்காரர் கலர் பிடிக்கவில்லை என்று பாதிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. பின்னால் கட்டியிருந்த பெரிய டின் ஒரு பக்கம் சரிய, அப்பா ஒரு காலை ஊன்றிக்கொண்டு தள்ளாடினார். சண்டை போட்டிருக்கிறோம் என்பதே அந்த மனிதருக்கு மறந்துபோயிற்று.

"ணா, இதைக் கொஞ்சம் பிடிணா, விழுது."

பெரியப்பா எழுந்து போனார். ஓடவில்லை, ஆனால் என் வயதுக்கு நான்கூட அவ்வளவு வேகமாக எழுந்திருக்க மாட்டேன். இரண்டு பேரும் டின்னைப் பிடித்து இறக்கினார்கள். "கயிறு கட்டற லட்சணத்தைப் பாரு" என்று அவர் திட்டினார். "நீதான கட்டி அனுப்பினே" என்று அப்பா திட்டினார். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பெரியப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார், அப்பா அண்ணாந்து குடித்துவிட்டு மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

அப்புறம் பெரியப்பா உள்ளே வந்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்.

"உங்கப்பன்கிட்ட நானே பேசிக்கிறேன். அவன் என்னைக் கூப்பிடறதை மட்டும் மாத்தக் கூடாது. மொதல்ல நீ என்னைப் பெரியப்பான்னு கூப்பிடறதை நிறுத்து."

எனக்குக் கண்ணில் நீர் வந்து எதிரே இருந்த டின்கள் எல்லாம் ஒரே கலராகத் தெரிந்தன. வேறு என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் குளியலறையில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"சரிங்க பெரியப்பா," என்றேன்.